ஜீப்பு உயர்ந்தது, ஸ்டீரிங் இடித்தது!

சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலையில், திருப்பதியை எட்டுவதற்குச் சில மைல்கள் இருக்கும்போது வருவது வடமாலபேட்டை. பெயரைக் கேட்டால் தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படாது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது அதனுடன் சேர்ந்தது.

இந்த ஊரைச் சுற்றி இரண்டு விதமான பாதைகள் உண்டு. ஒன்று, பஸ்ஸும் லாரியும் இரவு பகலாக ஓடும் தார்ச் சாலை. மற்றொன்று, மாந்தோப்புகளுக்கும் மலையடிவாரத்துக்கும் போகும் கல் பாதை. மழை பெய்தால் ஓடை. வெயில் காய்ந்தால் பாறை. கல் பாதைக்கு ஏற்ற வண்டி ஜீப்புதான் என்பது எல்லோருக்கும் தெரியும். சாதாரண ஜீப்பும் போதாது என்று அதைத் தரையிலிருந்து இன்னும் நாலைந்து அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் மாட்டி ஓட்டும் பழக்கம் இந்தப் பக்கத்திலும் கர்நாடகத்திலும் கேரளத்திலும் பரவியிருக்கிறது.

வண்டி உயர்ந்துவிடுகிறது. பார்க்கவும் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் முதல் பள்ளத்தில் இறங்கியதும் அடியிலிருந்து "டங்" என்று ஒரு சத்தம். வளைவில் ஸ்டீரிங்கை ஒடித்தால் முழுசாகத் திரும்ப மறுக்கிறது. என்ன காரணம்? அந்த வண்டியை எப்படிச் சரி செய்வது? இங்குள்ள பட்டறைகளில் ஸ்பானர் பிடிக்கும் தமிழ்த் தொழிலாளர்களும், அத்தகைய வண்டிகளில் ஏறிப் பிழைப்புக்குப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஏன் உயர்த்துகிறார்கள்?

இரண்டாவது உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்யப்பட்டது ஜீப். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்த சில ஆண்டுகளில் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. தாசில்தார் ஜீப், போலீஸ் ஜீப், தேயிலைத் தோட்ட ஜீப், தேர்தல் ஜீப் என்று நம் நாட்டில் அது போகாத இடமில்லை. 1985இல் மாருதி ஜிப்ஸி வந்தது. அதுவும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நான்கு பக்கமும் ஸ்பிரிங் பட்டை.

இந்த வண்டிகளில் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்பிரிங் பட்டை கட்டப்பட்டிருக்கும். அதாவது, ஆக்ஸில் மேலே, பட்டை கீழே. வண்டியை உயர்த்த நினைப்பவர்கள் பட்டையை அவிழ்த்து ஆக்ஸிலுக்கு மேலே வைத்துக் கட்டிவிடுகிறார்கள். ஆக்ஸில் குழாயின் கனமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்து, வண்டி சுமார் 5 அங்குலம் ஒரே மூச்சில் உயர்ந்துவிடும். புதிய ஸ்பிரிங் வாங்க வேண்டியதில்லை. செலவு குறைவு. ஆகவேதான் இந்த வழி பட்டறைகளில் பிரபலம்.

உயரத்துக்குப் பயன் இல்லாமல் இல்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, மலைப்பாதைப் போட்டிகளில் ஓடும் ஜீப்புகள் மீட்பு வேலையில் இறங்கியதைப் பத்திரிகைகள் பாராட்டி எழுதின. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் பாதையில் இன்றும் ஜீப்பைத் தவிர வேறு கதி இல்லை. ஆனால் ஒன்று. உயரம் வேண்டும் என்றால், அந்த உயரத்துக்கு ஏற்றபடி ஸ்டீரிங்கும் இருக்க வேண்டும்.

சக்கரம் திரும்புவது எப்படி?

டிரைவர் ஸ்டீரிங்கைத் திருப்பினால் அது ஸ்டீரிங் பெட்டிக்குள் உள்ள பல்லைத் திருப்புகிறது. பெட்டியிலிருந்து கீழே தொங்கும் கை ஒன்று ஆடுகிறது. இதற்கு டிராப் ஆர்ம் என்று பெயர். டிராப் ஆர்மின் நுனியில் ஒரு கம்பி மாட்டியிருக்கும். அது டிராக் லிங்க். டிராக் லிங்க் போய்ச் சக்கரத்தின் பக்கம் உள்ள நக்கிளைத் தள்ளும் அல்லது இழுக்கும். ஒரு சக்கரம் திரும்பினால் மற்றதும் திரும்ப வேண்டுமே? அதற்காக இரண்டு நக்கிள்களையும் இணைப்பது டை ராடு. பழைய வில்லிஸில் நடுவில் பெல் கிராங்க் என்று ஒரு துணைக் கை இருந்து, அதிலிருந்து இரண்டு டை ராடுகள் பிரிந்து செல்லும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டீரிங் பெட்டி ஷேஸியில் உட்கார்ந்திருக்கிறது. நக்கிள் ஆக்ஸிலில் இருக்கிறது. ஷேஸி ஸ்பிரிங்கின் மேல் மிதக்கிறது. ஆக்ஸில் பள்ளம் மேட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்குகிறது. ஆக, டிராக் லிங்கின் ஒரு முனை ஒரு வீட்டில், மறு முனை வேறு வீட்டில். இரண்டு வீடுகளுக்கும் நடுவே தூரம் மாறும்போதெல்லாம் தகராறுதான்.

எங்கே இடிக்கிறது?

ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றியதும், முன்பு காலியாக இருந்த இடத்தில் பட்டை வந்து உட்காருகிறது. டை ராடும் டிராக் லிங்கும் இதுவரை அந்த இடத்தில்தான் சுதந்திரமாக ஆடிக்கொண்டிருந்தன. இப்போது வழியில் பட்டை நிற்கிறது. யூ போல்ட்டும் நிற்கிறது. சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது கம்பி போய்ப் பட்டையில் முட்டுகிறது. வண்டி நேராக நிற்கும்போது இடைவெளி இருப்பதுபோல் தோன்றும். ஒரு சக்கரம் பாறை மேல் ஏறிப் பட்டை வளையும்போது அந்த இடைவெளி மறைந்துவிடும்.

இன்னும் சில இடங்களும் உண்டு. பெரிய டயர் முழுத் திருப்பத்தில் பட்டையில் உரசும். ஷாக் அப்சார்பர் பிராக்கெட்டில் டை ராடு முனை இடிக்கும். டிராக் லிங்க் ஷேஸியின் அடிப்பக்கத்தில் தட்டும். ஆக்ஸில் நன்றாகக் கீழே தொங்கும்போது பால் ஜாயிண்ட் தன் எல்லைக்கு மேல் சாய்ந்து, கிண்ணத்தின் விளிம்பில் கழுத்து நெரிபடும். இந்தக் கடைசி வகை சத்தம் போடாது. பல நாள் நெரிபட்ட கழுத்து ஒரு நாள் முறிந்து போகும். முறிந்த கணத்தில் டிரைவர் கையில் ஸ்டீரிங் இருக்கும்; சக்கரத்துக்கும் அதற்கும் உறவு இருக்காது.

இடிக்காத ஆபத்து

இடிக்கும் கோளாறாவது சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வேறு ஒரு கோளாறு உண்டு. எதிலும் இடிக்காது. கல் பாதையில் மெதுவாகப் போகும்போது தெரியவும் தெரியாது. நெடுஞ்சாலைக்கு வந்து வேகம் பிடித்தால்தான் தன் வேலையைக் காட்டும். மேடு ஏறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பள்ளத்தில் விழுந்தால் மறு பக்கம் இழுக்கும். டிரைவர் ஸ்டீரிங்கை அசைக்காமலே சக்கரம் தானாகத் திரும்புகிறது. மோட்டார் தொழிலில் இதற்கு பம்ப் ஸ்டீர் என்று பெயர்.

ஒரு சின்னக் கணக்கு இதை விளக்கும். குறுக்காகச் செல்லும் டிராக் லிங்க் 30 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்வோம். அது தரைக்குச் சமமாகக் கிடக்கிறது. ஆக்ஸில் 2 அங்குலம் மேலே எழும்பினால், கம்பியின் முனை பக்கவாட்டில் 2 மில்லி மீட்டர்கூட நகராது. இப்போது வண்டியை 5 அங்குலம் உயர்த்திவிட்டோம். கம்பியின் ஒரு முனை மறு முனையைவிட 5 அங்குலம் கீழே சரிந்து கிடக்கிறது. அதே 2 அங்குலம் ஆக்ஸில் எழும்பினால் முனை சுமார் 7 மில்லி மீட்டர் நகர்ந்துவிடும். நான்கு மடங்கு!

7 மில்லி மீட்டர் என்ன பெரிய தூரம் என்று கேட்கலாம். நக்கிளின் கை 6 அங்குலம் என்றால், அது சக்கரத்தைச் சுமார் இரண்டரை டிகிரி திருப்பும். 80 அங்குல வீல்பேஸ் உள்ள பழைய ஜீப் அந்தக் கோணத்திலேயே ஓடினால் 45 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பிவிடும். எதிரே டிப்பர் லாரி வரும் நெடுஞ்சாலையில், யாரும் கேட்காமல் வண்டி அப்படி ஒரு நொடி திரும்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆக, கோளாறு இரண்டு வகை. ஒன்று, கம்பிக்கு இடம் போதவில்லை. இரண்டு, கம்பியின் சாய்வு சரியில்லை. முதலாவதை மட்டும் தீர்த்துவிட்டு வண்டியை ஒப்படைப்பது அரை வைத்தியம். அரை வைத்தியம் ஆளைக் கொல்லும்.

முதலில் சோதனை

வடமாலபேட்டைக்குப் பக்கத்தில்தான் புத்தூர் இருக்கிறது. கை, கால் முறிந்தால் "புத்தூர் கட்டு" என்று தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் ஜனங்கள் தேடி வரும் இடம். கட்டுப் போடுகிறவர் முதலில் விரலால் தடவி எந்த இடத்தில் எலும்பு விலகியிருக்கிறது என்று பார்ப்பார். அதன் பிறகுதான் துணியைச் சுற்றுவார். பட்டறைக்காரரும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஷேஸியை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. முன் சக்கரங்கள் இரண்டும் தொங்கும் நிலையில், ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருவர் மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் டார்ச் விளக்குடன் ஒவ்வொரு முனையையும் பார்க்க வேண்டும். பால் ஜாயிண்ட் எங்காவது இறுகிக்கொள்கிறதா? பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடுகிறதா?

அடுத்தது இதற்கு நேர்மாறான சோதனை. வண்டியைத் தரையில் இறக்கி, ஒரு முன் சக்கரத்தைச் சாய்வு மேடையில் ஏற்றிப் பட்டையை நன்றாக அமுங்கவிட வேண்டும். மீண்டும் கோடிக்குக் கோடி திருப்ப வேண்டும். பிறகு மறு சக்கரத்தை ஏற்ற வேண்டும். சந்தேகமான இடங்களில் புட்டி உருண்டையை ஒட்டி வைத்தால், கம்பி எவ்வளவு நெருங்கியது என்பதை அந்த உருண்டை நசுங்கியே சொல்லிவிடும். எந்த நிலையிலும் அரை அங்குலமாவது இடைவெளி மிஞ்ச வேண்டும். ஓட்டத்தில் பட்டை முறுக்கிக்கொள்ளும், கம்பியும் சற்று வளையும். நிற்கும் வண்டியில் நூல் அளவு இடைவெளி இருந்தால், ஓடும் வண்டியில் அது இருக்காது.

தேய்மானத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். கிங் பின் பேரிங், டை ராடு முனைகள், ஸ்டீரிங் பெட்டியின் பல், பெட்டியை ஷேஸியில் பிடித்திருக்கும் போல்ட்டுகள் — இவற்றில் ஆட்டம் இருந்தால் மேலே சொல்லும் எந்த வேலையும் பலன் தராது.

எது சரியான வைத்தியம்?

ஷேஸி உயர்ந்தது. ஆக்ஸில் உயரவில்லை. அதனால்தான் கம்பி சரிந்தது. எனவே கம்பியின் கீழ் முனையை மேலே ஏற்ற வேண்டும். அல்லது மேல் முனையைக் கீழே இறக்க வேண்டும். இதைத் தவிர மூன்றாவது மந்திரம் இல்லை.

கீழ் முனையை ஏற்றுவதே சிறந்தது. இதற்காக நக்கிளின் மேல்புறத்தில் போல்ட் போட்டுப் பூட்டும் உயர்ந்த கைகள் உண்டு. டை ராடும் டிராக் லிங்கும் பட்டைக்கு மேலாகவே சென்றுவிடும். இடிப்பதும் நிற்கும், சாய்வும் குறையும், பாறையில் அடிபடுவதும் குறையும். ஒரே வேலையில் மூன்று லாபம். ஆனால் இந்தக் கைகள் உரம் ஏற்றிய எஃகில், அந்த நக்கிளுக்கென்றே சரியான அளவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். கிடைத்த இரும்புத் தகட்டை கேஸ் கட்டரால் வெட்டித் துளை போட்டு மாட்டுவது தற்கொலைக்குச் சமம்.

அடுத்த வழி, டை ராடு முனையை நக்கிளுக்குக் கீழிருந்து மாட்டுவதற்குப் பதிலாக மேலிருந்து மாட்டுவது. சில வண்டிகளில் இது மட்டுமே போதுமான இடைவெளியைத் தந்துவிடும். ஆனால் நக்கிளின் துளை நேர்த் துளை அல்ல. ஒரு பக்கம் அகன்று மறு பக்கம் குறுகும் சாய்வுத் துளை. மேலிருந்து மாட்ட வேண்டுமானால், அதே சாய்வுள்ள ரீமரால் துளையை மறுபுறமிருந்து கடைந்து, பொருத்தமான சாய்வு புஷ் போட வேண்டும். முனைக்கு நீல மை தடவி உள்ளே செருகி எடுத்துப் பார்த்தால், மை ஏறக்குறைய முழுப் பரப்பிலும் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு வளையம்போல் ஓர் இடத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் பிடிப்புப் போதாது. அப்படிப்பட்ட முனை நாளடைவில் ஆடித் துளையைப் பெரிதாக்கிவிடும். இது நல்ல லேத் தொழிலாளியின் கைக்கு உரிய வேலை.

மூன்றாவது வழி, மேல் முனையைக் கீழே இறக்குவது. டிராப் ஆர்மைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கீழே இறங்கும் ஆர்மைப் பூட்டுவது. இரண்டு மூன்று அங்குல உயர்வுக்கு இது சுலபமான பரிகாரம். ஆனால் கம்பியின் சாய்வு மட்டுமே இதில் குறையும். பட்டையில் இடிப்பது நிற்காமலும் போகலாம். ஆர்ம் கீழே இறங்க இறங்க ஸ்டீரிங் பெட்டியின் தண்டு கூடுதல் முறுக்கைத் தாங்க வேண்டியிருக்கும். பெட்டி பூட்டிய இடத்தில் ஷேஸி வெடிப்பு விட்டிருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜிப்ஸி வகை வண்டிகளில் இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. டிராக் லிங்கை இரண்டு இடத்தில் மடித்து, படிக்கட்டுபோல் வளைத்துப் பட்டையைத் தாண்டச் செய்வது. வெளிநாடுகளிலும் இது கடைகளில் விற்கிறது. இடிப்பது நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் நேரான கம்பி தள்ளுகிற பலத்தை அப்படியே கொண்டு போகும். மடித்த கம்பி அந்தப் பலத்தில் கொஞ்சத்தைத் தானே வளைந்து விழுங்கிவிடும். ஸ்டீரிங்கைத் திருப்பியதும் சக்கரம் உடனே திரும்பாமல் ஒரு கணம் யோசிக்கும். மெதுவாக ஓட்டும் காட்டு வண்டிக்கு ஒத்துவந்தாலும், நெடுஞ்சாலையில் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இது ஏற்றதல்ல.

பட்டை அதிகமாக அமுங்கும்போது மட்டும் லேசாக இடிக்கிறது என்றால், ஷேஸியின் அடியில் உள்ள பம்ப் ஸ்டாப் ரப்பரை உயரமாக்கினால் போதும். ஆக்ஸில் அந்த அளவுக்கு மேல் எழாது. முழுத் திருப்பத்தில் டயர் உரசுகிறது என்றால், நக்கிளில் உள்ள ஸ்டாப் போல்ட்டைச் சற்று வெளியே எடுத்துத் திருப்பத்தைக் குறைக்கலாம். வண்டி திரும்ப இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும், அவ்வளவுதான்.

கூடவே கூடாது

ஸ்டீரிங் கைகளைச் சூடாக்கி வளைப்பது பல பட்டறைகளில் சகஜம். அடித்து உருவாக்கிப் பதம் ஏற்றிய எஃகு அது. சிவக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும். வளைந்த கை வெளிப்பார்வைக்கு அழகாக இருக்கும். உள்ளே பலம் இருக்காது.

டிராப் ஆர்மிலோ நக்கிளிலோ வெல்டிங் வைத்து நீட்டுவதும் அப்படியே. வெல்டிங் பக்கத்தில்தான் வெடிப்பு பிறக்கும். இடிக்கிற பட்டையை கிரைண்டரால் தேய்த்து வழி விடுவதும் தவறு. பட்டையில் விழும் ஒவ்வொரு கீறலும் அது முறிவதற்குப் போடும் பிள்ளையார் சுழி. காட்டர் பின் கிடைக்கவில்லை என்று ஆணியை மடித்துச் செருகுவதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாது.

வேலை முடிந்த பிறகு

கம்பி மாறினால் அளவுகள் எல்லாம் மாறும். முதலில் ஸ்டீரிங் பெட்டியை அதன் நடு நிலையில் வைத்து, சக்கரம் நேராக நிற்கும்படி டிராக் லிங்கின் நீளத்தைச் சரி செய்ய வேண்டும். நடு நிலை தவறினால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் திரும்பும்.

அடுத்தது டோ-இன். முன் டயர்களின் நடுவில் சாக்பீஸால் கோடு இழுத்து, முன்புறத் தூரத்தையும் பின்புறத் தூரத்தையும் அளந்து, கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் முன்புறம் மிகச் சில மில்லி மீட்டர் குறைவாக இருக்கும். டை ராடு மரை இரண்டு பக்கமும் போதிய அளவு உள்ளே ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே லாக் நட்டை இறுக்க வேண்டும்.

மூன்றாவது கேஸ்டர். கிங் பின் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம் இது. பழைய ஜீப்பில் 3 டிகிரி. திரும்பிய சக்கரம் தானாக நேருக்கு வருவது இதனால்தான். நீளமான ஷேக்கில் போட்டு உயர்த்தினாலும், ஸ்பிரிங் மேடையைக் கோணலாக வெல்டு செய்தாலும் இந்தச் சாய்வு கெட்டுவிடும். அப்போது ஸ்டீரிங் நேருக்குத் திரும்பாமல் அலையும். குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரங்கள் இரண்டும் கிடுகிடுவென்று உதறத் தொடங்கும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே சரியான ஆப்புத் தகடு கொடுத்து இதைத் திருத்தலாம். ஆனால் ஆக்ஸில் சாய்ந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டின் கோணமும் மாறும் என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாகச் சாலைச் சோதனை. முதலில் மைதானத்தில் மெதுவாக, பிறகு படிப்படியாக. 100 கிலோ மீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

புது வண்டிகளில் வேறு கதை

2010இல் வந்த மகிந்திரா தார் வண்டியில் முன்பக்கம் முழு ஆக்ஸில் இல்லை. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். டார்ஷன் பார் அதைத் தாங்கும். 2020இல் வந்த புதிய தாரிலும் முன் சக்கரங்கள் தனித்தனிதான். சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது. இவற்றில் பட்டையை மேலே ஏற்றும் வித்தை நடக்காது. டார்ஷன் பாரை முறுக்கி உயர்த்தினால், டை ராடு முனையும் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் ஜாயிண்டும் ஓயாமல் கோணலில் சுழன்று சீக்கிரம் தேயும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. பழைய ஜீப்பில் கற்ற வைத்தியத்தைப் புது வண்டியில் அப்படியே செய்யப் போவது விபரீதத்தில் முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த ஒரு தீர்ப்பு இதை மேலும் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182ஏ பிரிவை மாற்றி அமைத்தது. அனுமதி இல்லாத பாகங்களைப் பூட்டி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அது மட்டுமா? விபத்து நேர்ந்தால், அனுமதி இல்லாத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈட்டை மறுக்கப் பார்க்கும். வழக்கு முடியும் வரை குடும்பம் காத்துக் கிடக்க வேண்டும். வாடகைக்கு ஓடும் ஜீப்பில் பத்துப் பேர் ஏறியிருந்தால், அந்தப் பத்து வீட்டுக்கும் அதே கதிதான்.

தனியார் நிலத்திலும் முறையாக நடக்கும் போட்டிகளிலும் ஓடும் வண்டிகளின் விஷயம் வேறு. பொதுச் சாலையில் ஜனங்களை ஏற்றி ஓடும் ஜீப்புக்கு முதல் தரமான வைத்தியம் ஒன்றே: பட்டையைப் பழையபடி ஆக்ஸிலுக்கு அடியில் கொண்டு வந்து, கம்பெனி கொடுத்த உயரத்துக்கு இறக்கிவிடுவது. தூக்கியதை இறக்குவதும் ரிப்பேர்தான். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

பட்டறைக்காரர் பொறுப்பு

"அண்ணே, அஞ்சு அங்குலம் தூக்கிக் கொடுங்க, ஸ்டீரிங்கை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கேட்டு வரும் இளைஞர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்களுக்குச் சரியான பதில், "தம்பி, ஸ்டீரிங்கைப் பார்க்காமல் தூக்க மாட்டேன்" என்பதுதான். அன்றைய கூலி போகலாம். பக்கத்துப் பட்டறைக்காரர் அந்த வேலையைச் செய்யவும் செய்யலாம். அதற்காகத் தன் கையால் அந்த வண்டியை ரோட்டில் விடுவதா?

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, வேறு மாநிலத்தில் ஒரு தொழிலாளி சம்பாதிக்கும் பெரிய சொத்து அவருடைய கைக்குள்ள பேர்தான். "அவர் தொட்ட வண்டி நம்பி ஓட்டலாம்" என்ற ஒரு சொல்லைக் கேட்டுத்தான் தெலுங்குக்காரரும் கன்னடக்காரரும் தமிழ்ப் பட்டறையைத் தேடி வருகிறார்கள். அந்தப் பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்தால் வரும்; ஒரு காட்டர் பின்னில் போய்விடும்.

இத்தகைய ஜீப்பில் தினமும் வேலைக்குப் போகிறவர்களும் கொஞ்சம் கவனிக்கலாம். வளைவில் அடியில் சத்தம் வருகிறதா? மேட்டில் ஏறியதும் வண்டி தானாக ஒதுங்குகிறதா? டிரைவர் நேர்ச் சாலையிலும் ஓயாமல் ஸ்டீரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்கிறாரா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் டிரைவரிடம் சொல்லிவிடுவது நல்லது. அவர் கேட்கவில்லை என்றால், கூலி கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம்.